இன்-இயரா, பெரிய ஹெட்ஃபோனா? ஃபேன் ஓடும் வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்கு

கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. பாட்டு கேட்க நல்லதாக ஒன்று வாங்க வேண்டும். காதுக்குள் செருகும் இன்-இயர் வாங்கலாமா, காதையே மூடும் பெரிய ஹெட்ஃபோன் வாங்கலாமா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதைப் பலர் கேட்கிறார்கள். திருவையாறு இசைக் கல்லூரியில் மிருதங்கம் படிக்கும் பையனும் கேட்கிறான், ஓய்வுபெற்ற பிறகு பழைய கச்சேரிகளைத் தேடித் தேடிக் கேட்கும் பெரியவரும் கேட்கிறார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்துக்குள் என்றால் ஒயர் வைத்த இன்-இயர்தான். அதைப்போல மூன்று மடங்கு செலவழிக்க முடியும், வீட்டில் அமைதியான அறையும் இருக்கிறது என்றால் ஹெட்ஃபோன். பணம்கூடச் சேர்ந்துவிடும், அமைதியான அறைதான் நம் பக்கம் சுலபத்தில் கிடைக்காது. ஒலித் தரம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பெரிதாக இருந்தால் சத்தமும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை முதலில் ஒதுக்கிவிடலாம். ஹெட்ஃபோனுக்குள் அதிர்கிற சவ்வு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம், சிலவற்றில் 50. இன்-இயரில் இருப்பது 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். பார்த்தால் இதிலிருந்து என்ன பேஸ், அதாவது அடி ஸ்தாயிச் சத்தம், வரப்போகிறது என்று தோன்றும். ஆனால் இன்-இயர் அசைக்க வேண்டியது அறையின் காற்றை இல்லை. ரப்பர் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்று 2 கன சென்டிமீட்டர்கூட வராது. அதை அழுத்த சின்னச் சவ்வே தாராளம். அடைப்பு சரியாக இருந்தால் மனிதக் காதுக்கு எட்டும் அடி ஸ்தாயி முழுவதும் இன்-இயரில் கிடைக்கும்.

அந்த அடைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பில் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது அல்லவா, அதே கதைதான் இங்கேயும். ரப்பர் முனை காதோடு ஒட்டாமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் அப்படியே வெளியே போய்விடும். ‘இந்த இயர்ஃபோன் தகரச் சத்தமா இருக்கு’ என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் பெட்டியோடு வந்த மூன்று அளவு முனைகளில் நடு அளவை மாட்டியபடியே காலம் தள்ளுகிறவர்களாக இருப்பார்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரு பக்கம் நடு அளவு, மறுபக்கம் பெரியது என்று போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடைப்பைச் சோதிக்க நமக்குக் கைவசமே ஒரு கருவி இருக்கிறது. போனில் உள்ள தம்புரா ஆப்பை ஒரு கட்டை சுருதியில் வையுங்கள். நடுவில் உள்ள சாரணைத் தந்தி 131 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) பக்கம் ஒலிக்கும், கடைசியில் உள்ள தடித்த மந்தரத் தந்தி அதில் பாதி, சுமார் 65. மந்தரத் தந்தி மீட்டப்படும்போது கீழிருந்து ஒரு கனம் எழ வேண்டும். மேலே உள்ள ரீங்காரம் மட்டும் கேட்டு அடியில் ஒன்றுமே இல்லை என்றால் முனையை மாற்றுங்கள். போனின் ஸ்பீக்கரிலும் மந்தரம் கேட்கத்தானே செய்கிறது என்று சிலர் கேட்பார்கள். அது மேல்நாதங்களை வைத்து மூளை ஊகித்துக்கொள்வது. இன்-இயரில் நன்றாக அடைத்துக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஹெட்ஃபோன் மன்னிக்கும் குணம் கொண்டது. காதைச் சுற்றிக் குஷன் உட்கார்ந்தால் போதும், ஆளுக்கு ஆள் சத்தம் அவ்வளவாக மாறாது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டும் கண்ணாடிக் கம்பி நுழையும் இடத்தில் கொஞ்சம் கசியும், பேஸ் சற்றுக் குறையும்.

அடுத்து காது மடல். கடையில் வைத்திருக்கும் ஒப்பீட்டு அட்டைகளில் இந்தச் சமாசாரமே இருக்காது. வெளியிலிருந்து வரும் ஒலி மடலில் பட்டுத் தெறித்து, காதுக் குழலுக்குள் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இயல்பாகவே பெருகித்தான் செவிப்பறையை அடைகிறது. பிறந்ததிலிருந்து நாம் கேட்ட ஒவ்வொரு சத்தமும் இந்த வழியாக வந்ததுதான். ஹெட்ஃபோன் மடலுக்கு வெளியே இருப்பதால் உங்கள் மடல் தன் வேலையைச் செய்ய முடிகிறது. இன்-இயர் மடலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, குழலின் வாயையும் மூடிவிடுகிறது. அதனால் அந்த 3,000 ஹெர்ட்ஸ் பெருக்கத்தை இன்-இயர் செய்கிறவர்களே கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் சேர்ப்பது ஒரு சராசரிக் காதுக்கு. உங்கள் காது சராசரியோடு பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் நாதஸ்வரம் மண்டைக்குள் துளைக்கும். நாதஸ்வரத்தின் வீரியமெல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

மூடிய குழலில் இன்னொரு தொந்தரவும் உண்டு. 7,000, 8,000 ஹெர்ட்ஸ் அருகே புதிதாக ஒரு முகடு எழும்பும். முனை எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். பஜனைப் பதிவு ஒன்றைப் போட்டு ஜால்ராவைக் கவனித்தால் பிடிபடும். ‘சிங்’ என்று தெளிவாகக் கேட்டால் சரி. பல் கூசுகிற மாதிரி இருந்தால் இன்-இயரை இன்னும் சற்று உள்ளே தள்ளிப் பாருங்கள், அல்லது கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே அடங்கிவிடும்.

இன்-இயர் இந்தக் குறைகளோடுதான் வந்தது என்றாலும், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலிவு விலையிலேயே ஆச்சரியப்படும்படி தேறிவிட்டது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் டாட் வெல்ட்டியும் 2013 வாக்கில் வெளியிட்ட ஆய்வுகள் இதில் பெரிய பங்கு வகித்தன. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் எப்படி ஒலிக்குமோ அதை ஒட்டிய சமநிலையைத்தான் ஹெட்ஃபோனிலும் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று கேட்பவர்களை வைத்தே சோதித்துச் சொன்னார்கள். பிறகு இன்-இயருக்கும் தனியாக ஓர் இலக்கு வந்தது. எங்கே குறிவைப்பது என்று தெரிந்ததும் மூன்ட்ராப், டான்ச்ஜிம், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் 10 மில்லிமீட்டர் சவ்வு ஒன்றை வைத்தே அந்த இலக்கை நெருங்கக் கற்றுக்கொண்டன. இன்றைக்கு 2,000 ரூபாயை ஒட்டிய ஒயர் இன்-இயரில் கிடைக்கும் சமநிலை, அதே விலை ஹெட்ஃபோனில் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த விலை ஹெட்ஃபோன்களில் பணம் பிளாஸ்டிக்குக்கும் குஷனுக்கும் போய்விடுகிறது. சத்தமோ பேஸ் ஊதிப் பெருத்து, குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

சரி, இப்போது அறைக்கு வருவோம்.

ஹெட்ஃபோனில் பின்பக்கம் மூடியது, திறந்தது என்று இரண்டு வகை. ஒலித் தரத்துக்குப் பெயர் வாங்கியவை பெரும்பாலும் திறந்தவை. 1997-இல் வந்து இன்னமும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் ஹெச்டி 600 அந்த வகைதான். சவ்வின் பின்பக்கம் சல்லடை மாதிரித் திறந்திருப்பதால் எதிரொலி உள்ளேயே சுற்றாது, சத்தம் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகிற வழியாகவே வெளியே இருப்பதும் உள்ளே வரும். டெல்டாவில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஃபேன் இல்லாமல் யாராலும் உட்கார்ந்து பாட்டு கேட்க முடியாது. ஃபேனின் ‘ஷ்ஷ்’ இரைச்சல் ஒரு பக்கம். அதன் மோட்டார் 100 ஹெர்ட்ஸில் முனகுவது இன்னொரு பக்கம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது அதன் இரட்டிப்பில் வரும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத் தோல், எழுப்பும் நாதமும் தம்புராவின் அடிநாதமும் அந்த முனகலுக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. இருபத்தைந்தாயிரத்துக்குத் திறந்த ஹெட்ஃபோன் வாங்கி, மூன்றில் சுற்றும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால், ஆலாபனை இறங்கி அடங்கும் இடங்களில் தம்புராவைவிட ஃபேன்தான் நன்றாகக் கேட்கும். ரெகுலேட்டர் பழைய எலெக்ட்ரானிக் வகையாக இருந்தால் வேகத்தைக் குறைக்கக் குறைக்க முனகல் கூடவும் செய்யும். வீட்டில் அவ்வளவாக முனகாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் மாட்டுவது ஒரு வகையில் ஆடியோ செலவுதான் என்று நான் சொல்வதை யாரும் இதுவரை சீரியஸாக எடுத்துக்கொண்டதில்லை.

சரியாக அடைத்த இன்-இயர் வெளிச்சத்தத்தை 20 டெசிபல், சில சமயம் அதற்கும் மேலே குறைத்துவிடும். மூடிய ஹெட்ஃபோன் நடு, மேல் ஸ்தாயியில் ஓரளவு தடுக்கும், அடி இரைச்சலில் சுமார்தான். திறந்தது தடுக்கவே தடுக்காது. மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்குத் தினம் பஸ்ஸில் போய்வருகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும், மற்ற ஒப்பீடுகளைப் படிக்க வேண்டியதே இல்லை. ஏர்ஹாரனையும் இன்ஜின் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்க ஒலியளவை ஏற்றுகிறவர்கள் காதையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரை பரவாயில்லை என்கிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இன்-இயர் காதைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. வெளிச்சத்தம் அடங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்டால் அது ஹெட்ஃபோனைவிடப் பத்திரம். ஆடி மாதம் தெருமுனைக் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கும் நாட்களில் எதை மாட்டினாலும் ஒன்றுதான், அது வேறு விஷயம்.

வாத்தியம் என்று எடுத்துக்கொண்டால் ஹெட்ஃபோனின் பக்கம் தராசு சாய்கிற இடங்களும் இருக்கின்றன. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கும்கி, அதாவது தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தும்போது எழும் அந்த வழுக்கல், இன்-இயரில் துல்லியமாகக் கேட்கும். எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஹெட்ஃபோனில் அந்தத் துல்லியத்தோடு ஒரு பருமனும் வரும். காற்று மடல் முழுவதிலும் மோதுவதால் அது காதைச் சுற்றி நிகழ்கிற உணர்வைத் தருகிறது. தவிலுக்கு இது இன்னும் பொருந்தும். தவில் சன்னிதியில் நின்று நெஞ்சால் கேட்கிற வாத்தியம், எந்த ஹெட்ஃபோனும் அதைக் கொடுக்காது. ஆனாலும் இன்-இயரில் தவில் கேட்பது எனக்குப் படத்தில் பந்தி பார்க்கிற மாதிரிதான்.

இட உணர்வும் அப்படித்தான். இரண்டு வகையிலும் ஒலி தலைக்குள்ளேயே நிற்கும் குறை உண்டு. ஸ்பீக்கரில் இடது பக்கச் சத்தம் வலக் காதுக்கும் போய்ச் சேரும், இவற்றில் போகாது. இன்-இயரில் மிருதங்கம் ஒரு காதிலும் வயலின் மறு காதிலும் பாடகர் நடு மண்டையிலுமாகக் குடியிருப்பார்கள். திறந்த ஹெட்ஃபோனில் அவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். திருவையாறு ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடும் ஒலிபரப்பைக் கேட்டுப் பாருங்கள். இன்-இயரில் அது ஒரு கட்டிச் சத்தமாக வரும், நல்ல திறந்த ஹெட்ஃபோனில் கூட்டத்துக்கு ஓர் அகலம் கிடைக்கும். அப்புறம், பஸ்ஸில் ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக் கேட்கும் தோழிகளில் ஒருத்திக்கு மிருதங்கம் போய்விட்டது, இன்னொருத்திக்கு வயலின் போய்விட்டது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பழைய பதிவுகள் கேட்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளும், 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி போன்ற நிலையங்களின் பழைய ஒலிப்பதிவுகளும் மோனோ. இடது வலது என்ற பேச்சே இல்லை, எல்லாம் நட்ட நடுவில்தான். இவற்றில் மேல் ஸ்தாயி முழுக்க ஊசி கீறும் கரகரப்பும் நாடாவின் இரைச்சலும். புதுப் பாட்டுக்காக மேல் ஸ்தாயியைத் தூக்கி வைத்திருக்கும் இன்-இயரில் கரகரப்பு முன்னால் வந்து நிற்கும், பிள்ளைவாள் பின்னால் போய்விடுவார். மென்மையான மேல் ஸ்தாயி கொண்ட ஹெட்ஃபோன்தான் இந்த வேலைக்கு ஏற்றது. வாங்க முடியாதவர்கள் போனில் ஸ்தாயிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் இறக்கினாலே பெரிய நிம்மதி கிடைக்கும்.

ஆனால் அந்த ஹெட்ஃபோனுக்குச் சக்தி வேண்டும். ஹெச்டி 600-இன் மின்தடை 300 ஓம். போனிலேயே நேராகச் செருகினால் ஒலியளவை முழுக்க ஏற்றியும் பழைய, மெலிதான பதிவுகள் எட்டாமல் நிற்கும். அதற்கு ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), அதற்கொரு சார்ஜர் என்று செலவு வால் பிடித்துக்கொண்டே வரும். இன்-இயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 16, 32 ஓம் என்று இருப்பவற்றைச் போனின் சார்ஜ் துளையில் செருகும் சாதாரண டைப்-சி டாங்கிளே நன்றாக ஓட்டும். ஹெட்ஃபோனிலும் போனுக்கு இணக்கமானவை உண்டு. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், மூடிய வகை. சோனி எம்டிஆர்-7506 63 ஓம், 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குகிறது. ஆம்ப் வாங்க மனமில்லாதவர்கள் இந்த மாதிரியானவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ப்ளூடூத் பட்ஸ் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். இரைச்சலை எதிர்ச்சத்தத்தால் அடக்கும் வசதி பஸ் இன்ஜின், ஃபேன் முனகல் போன்ற ஒரே சீரான அடி இரைச்சலுக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஒயர் இன்-இயரால் தடுக்க முடியாததைக்கூட அது தடுக்கும். ஆனால் அதே பணத்தில் பாட்டரிக்கும் மைக்குக்கும் சிப்புக்கும் போக மிஞ்சுவதுதான் சத்தத்துக்கு. சில ஆண்டுகளில் பாட்டரி உயிரை விடும்போது நல்ல சவ்வும் அதோடு குப்பைக்குப் போகும். பாட்டு நம்மை வந்தடைவதில் ஒரு சின்னத் தாமதமும் உண்டு. பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு அது ஒன்றும் செய்யாது. தான் வாசிப்பதை மைக் வழியே உடனுக்குடன் கேட்க வேண்டிய மிருதங்க மாணவனுக்கு உபயோகமில்லை.

வெயிலும் வியர்வையும் எவரையும் விடாது. சித்திரை வைகாசியில் மூடிய ஹெட்ஃபோனை முக்கால் மணி நேரம் மாட்டியிருந்தால் காது வெந்துவிடும். ரெக்சின் குஷன் நம் ஈரக் காற்றில் உரிந்து கறுப்புத் துணுக்குகளாகத் தோளில் கொட்டும். குஷனை மாற்றினால் சத்தமும் கொஞ்சம் மாறும், ஏனென்றால் சவ்வுக்கும் காதுக்கும் உள்ள தூரத்தை நிர்ணயிப்பது அதுதான். அதனால் எப்போதும் அந்த மாடலுக்கே உரிய குஷனைத் தேடுவது நல்லது. துணி குஷன் வந்தால் வியர்வைக்கு மேல். இன்-இயரிலும் ஈரம் வேறு வழியில் வரும். குளித்த ஈரக் காதில் செருகிக்கொண்டு மணிக்கணக்காக இருந்தால் காதுக் குழலில் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. காதைத் துவட்டிவிட்டுச் செருகுங்கள், ரப்பர் முனைகளை வாரம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள். குழாய் வாயில் உள்ள வலையில் காதழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் மங்கும். பலர் அதைப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பாட்டு கற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டும் என் ஆரம்பப் பதிலைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. காதுக் குழலை அடைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடினால் நம் குரலே எலும்பு வழியாக உள்ளே போய் ‘கும்’ என்று முழங்கும். அந்த முழக்கத்தில் தம்புரா ஆப்பை வைத்துச் சுருதி சேர்வது கடினம். சுருதி விலகினாலும் தெரியாது. பாட்டு மாணவர்களுக்கு மலிவான திறந்த ஹெட்ஃபோனே சரியான தேர்வு. அதில் தம்புராவும் கேட்கும், தன் குரலும் வழக்கம்போல் வெளியிலிருந்து கேட்கும். பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500 மாதிரி 32 ஓம் திறந்த வகை என்றால் போனிலேயே ஓடும். வீட்டு இரைச்சலும் கேட்கத்தான் செய்யும், ஆனால் சாதகம் செய்கிறவருக்கு அது பழகிப்போன ஒன்று. மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் வாசிக்கும் நேரத்தில் இதுதான். ஆசிரியர் கொடுத்த பாடத்தைப் பஸ்ஸில் கேட்டு மனப்பாடம் செய்ய இன்-இயர்.

கடையில் போய்க் கேட்டுப் பார்க்கிறவர்கள் சொந்த போனையும் தெரிந்த பதிவுகளையும் எடுத்துப் போங்கள். பெரும்பாலான கடைகளில் இன்-இயரைக் காதில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள், சுத்தம் கருதி அது நியாயம்தான். ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்க்க விடுவார்கள். போட்டதும் அசத்துகிற பேஸைக் கண்டு மயங்காமல், கச்சேரியின் தொடக்கத்தில் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகள், பிறகு பாடகரின் கீழ் ஸ்தாயி, பிறகு ஒரு தனி என்ற வரிசையில் கேளுங்கள். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். சற்றுக் கூடுதல் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பவர்களுக்கும் அது தெரியும். இன்-இயரை ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு, கூடவே வெவ்வேறு அளவு ரப்பர் முனைகள் கொண்ட தனிப் பொட்டலம் ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.